பார்லித் தண்ணீரும் ஒரு கற்பூரச் சத்தியமும்

என் வலது உள்ளங்கையின் நடுவில் ஐந்து காசு அளவுக்கு ஒரு வடு இருக்கிறது. முப்பத்து மூன்று ஆண்டுகள் அரசாங்கத் தாதியாக இருந்தவளின் கையில் வடு இருந்தால், பார்ப்பவர்கள் உடனே பெரிதாக எதையோ எதிர்பார்க்கிறார்கள். வெள்ளத்தில் பிரசவம் பார்த்திருப்பாள், தீப்பிடித்த வார்டிலிருந்து குழந்தையைத் தூக்கி வந்திருப்பாள் என்றெல்லாம் கற்பனை ஓடும். நானும் பல ஆண்டுகளாக மறுத்துப் பேசாமல் லேசாகச் சிரித்து வைத்தேன்.

ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. புக்கிட் ரம்பாய் பக்கம் நான் வேலை செய்த அந்தக் கிளினிக்கில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கவிதா போன வாரம் ஆயர் குரோவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு சுவரொட்டி. பெண்களுக்கு வரும் வெள்ளைப்படுதல், அரிப்பு பற்றியது. மூலையில் ஒரு கறுப்புக் கட்டம். அதைக் கைப்பேசியில் காட்டினால் வீடியோ ஓடுமாம்.

"இனிமே யாரும் வாயைத் தொறந்து சொல்லவே வேணாம் மிஸ்ஸி. பாத்துட்டு, பார்மசில மருந்தை வாங்கிட்டுப் போயிடலாம்" என்றாள் பெருமையாக. தாதிகளை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மூணு தடவை வாங்கி, நாலாவது தடவையும் வந்தா?"

கவிதா சுவரொட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை. அதனால்தான் இந்த வடுவின் கதையை எழுதுகிறேன். வீரதீரம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பயிற்சிக் காலத்தை நீட்டி முழக்க வேண்டியதில்லை. மூன்று வருடம், இரண்டு ஜோடி வெள்ளைச் சப்பாத்து, ஒரே ஒரு மயக்கம். அந்த மயக்கத்திலும் ஓர் ஆண் டாக்டரின் மேல்தான் விழுந்தேன். வேண்டுமென்றே விழுந்ததாகத் தோழிகள் இன்றும் சொல்கிறார்கள். படித்ததெல்லாம் அங்கே. கற்றுக்கொண்டது சிஸ்டர் ரொஹானியிடம்.

சிஸ்டர் ரொஹானி எங்கள் கிளினிக்கின் மேலதிகாரி. மலாய்க்காரர். அவருடைய அப்பா தோட்டத்துக் கிளினிக்கில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவர். சிஸ்டர் சின்ன வயதில் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளோடு கோலி விளையாடித் தமிழ் கற்றவர். அந்தத் தமிழில் 'நீங்க' என்ற சொல்லே கிடையாது. எண்பது வயதுத் தாத்தா வந்தாலும் "வாடா, உக்காரு" என்பார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. தாத்தாக்களுக்கு உள்ளூர மகிழ்ச்சிதான்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், மீண்டும் மாட்டுவார். அதற்குள் எதிரில் இருப்பவர் தானாகவே எல்லாக் குற்றத்தையும் ஒப்புக்கொண்டிருப்பார்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணை அவரிடம் அழைத்துப் போய், "சிஸ்டர், இவங்களுக்கு அந்த எடத்துல பிரச்சினையாம்" என்றேன்.

"எந்த எடம்? பஸ் ஸ்டாண்டா?"

"கீழ, சிஸ்டர்."

"கீழன்னா முழங்காலா, பாதமா?"

அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள். எனக்குத்தான் வேர்த்துக் கொட்டியது. பிறப்புறுப்பு என்று சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆனது. அதுவும் மலாயில்தான் முதலில் வாயில் வந்தது. தமிழில் சொன்னால் அம்மா காதில் விழுந்துவிடும் என்று ஒரு பயம்.

அரிப்போடு வருகிறவளிடம் கேட்க சிஸ்டரிடம் ஐந்து கேள்விகள் இருந்தன. வெள்ளைப்படுவது தயிர்த் திட்டு மாதிரி இருக்கிறதா, தண்ணீராக இருக்கிறதா? வாடை அடிக்கிறதா? எரிச்சலா, அரிப்பா, இரண்டுமா? அண்மையில் கிருமிக்கொல்லி மாத்திரை ஏதாவது சாப்பிட்டாயா, அல்லது கர்ப்பமா? கடைசியாக, ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறாய்? முதல் நான்குக்கும் பதில் கிடைத்தவுடனேயே இது காளான் கிருமியா வேறு ஏதாவதா என்று ஓரளவு ஊகித்துவிடலாம். அதனால் ஐந்தாவதை நான் பெரும்பாலும் விட்டுவிடுவேன். வெளியே வரிசை நீளமாக இருக்கும், எனக்கும் பசிக்கும்.

மருந்து உள்ளே வைக்கிற மாத்திரை. அதை எப்படி வைப்பது என்று விளக்க சிஸ்டர் இடது கையைத் தளர்வாக மூடிக்கொண்டு, அந்த இடுக்கில் கரும்பலகையில் எழுதும் ஒரு சாக்குக்கட்டியை விரலால் மெதுவாகத் தள்ளிக் காட்டுவார். கையைக் கழுவு. படுக்கப் போகும்போது வை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கு. விரல் போகிற தூரம் தள்ளு. அரிப்பு நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்தாதே. இவ்வளவும் சொல்லி முடித்த பிறகு தஞ்சோங் கிளிங்கிலிருந்து வந்த ஓர் அக்கா, "சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா மிஸ்ஸி?" என்று கேட்டார். சிஸ்டர் சாக்குக்கட்டியை எடுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

வராமல் தடுக்க அவர் சொன்னதெல்லாம் எளிமையானவை. உள்ளே விட்டுக் கழுவாதே, உள்ளே இருப்பது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். வெளியே வெறும் தண்ணீர் போதும். வாசனைச் சோப்பு வேண்டாம், வெற்றிலை லோஷன் வேண்டாம், குளிக்கிற வாளியில் கிருமிநாசினி ஊற்ற வேண்டாம், மஞ்சளும் வேப்பிலையும் அம்மனுக்கு. நைலான் வேண்டாம், பருத்தி போடு. ஈரத்தோடு இருக்காதே.

இந்த ஈர விஷயத்தில்தான் நம் பெண்களிடம் அவர் தோற்றுப்போனார். உள்ளாடையைக் கொடியில் யார் கண்ணிலும் படாமல் துண்டுக்கு அடியிலோ கைலிக்கு அடியிலோ ஒளித்துக் காயப்போடுவது நம் வழக்கம். வெயிலே படாது, மறுநாளும் பிசுபிசுவென்று இருக்கும், அதையே போட்டுக்கொண்டு பெக்டரிக்குப் போவார்கள். "துண்டு தினமும் வெயில்ல காயுது, அதுக்கு என்ன அரிக்குதா?" என்று சிஸ்டர் ஒவ்வொருத்தியிடமும் கேட்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போய்த் துண்டுக்கு அடியிலேயே போடுவார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். இப்போது சொல்வதில் என்ன.

சிஸ்டர் சொன்னதோடு நான் நிறுத்தியிருந்தால் என் கையில் வடு இருந்திருக்காது. ஆனால் எனக்கு ஒரு சொந்தச் சரக்கு இருந்தது. அரிப்பு, வெள்ளைப்படுதல், வாய்ப்புண், முகப்பரு எல்லாமே உடம்புச் சூட்டால் வருகிறது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தாதிப் படிப்பு அந்தச் சட்டத்தைத் தொடவே இல்லை. மாத்திரையைக் கொடுத்துவிட்டு, சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியதும் குரலைத் தாழ்த்தி, "ஒடம்பு சூடும்மா. பார்லி காய்ச்சிக் குடிங்க" என்பேன். அந்த ஒரு வரிக்காகவே என்னிடம் வந்தவர்கள் உண்டு. மாத்திரையை மறந்தாலும் பார்லியை மறக்க மாட்டார்கள்.

செல்வராணி அப்படி வந்தவள்தான். வயது முப்பத்திரண்டு. ஒல்லியான உடம்பு. புக்கிட் ரம்பாயில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் பெக்டரியில் லைனில் வேலை. கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய உடுப்பில் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். கணவன் சேகர் லோரி ஓட்டுகிறவன். மாமியார் பாக்கியம் அம்மாள் அவர்களோடுதான் இருந்தார்.

முதல் முறை வந்தபோது மாத்திரை, பார்லி. இரண்டு மாதம் கழித்து வந்தாள். மாத்திரை, பார்லி, நைலானைப் பற்றி ஒரு சொற்பொழிவு. மூன்றாவது முறை வந்தபோது, "நான் சொன்னபடி செய்யறியா?" என்று கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன். "எல்லாம் செய்யறேன் மிஸ்ஸி. துணியை வெயில்லகூட போடறேன்" என்றாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. கையில் எப்போதும் ஒரு பெரிய தண்ணீர் போத்தல் வைத்திருப்பாள். பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து டெண்டாஸுக்கு, கழிவறைக்குத்தான், போய் வருவாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

நான்காவது முறை ஒரு செவ்வாய்க்கிழமை வந்து, என் முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

"என்னம்மா, மறுபடியுமா?"

"மறுபடியும்தான். அதுக்கு அழல மிஸ்ஸி. வர்ற வெள்ளிக்கிழமை அம்மன் கோயில்ல கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணணும்னு அத்தை சொல்லிட்டாங்க."

விஷயம் இதுதான். சேகருக்குத் தங்கை முறையாகிற ஒருத்தி அதே லைனில் வேலை செய்கிறாள். செல்வராணி ஒரு ஷிப்டில் பத்துத் தடவை லைனை விட்டுப் போகிறாள், சுப்பர்வைசர் இரண்டு முறை எச்சரித்தும் கேட்கவில்லை, எங்கே போகிறாள், யாரைப் பார்க்கிறாள் என்று அவள் பாக்கியம் அம்மாளிடம் சொல்லியிருக்கிறாள். இந்தப் பக்கம் தீராத அரிப்பு. பாக்கியம் அம்மாள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். பெக்டரியில் எவனிடமோ வாங்கி வந்த நோய் என்று முடிவாகிவிட்டது. சேகர் ஒன்றும் சொல்லவில்லையாம். ஆனால் ஒரு மாதமாக ஹாலில் படுக்கிறானாம். சத்தியம் பண்ணாவிட்டால் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

"நீ தப்பு பண்ணலதானே? பண்ணிட்டு வந்துடேன்லா" என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பண்ணுவேன் மிஸ்ஸி. கையை வைக்க எனக்கென்ன பயம்? ஆனா அடுத்த மாசம் இது திரும்ப வருமே. பொய்ச் சத்தியம் பண்ணா, அதான் அம்மா தண்டிச்சிட்டான்னு சொல்லுவாங்க. அப்புறம் நான் என்ன சொன்னாலும் யார் நம்புவா?"

உண்மையைச் சொல்கிறவளைப் பொய்க்காரியாக்க ஒரு காளான் கிருமி போதும். அதை மூன்று முறை விரட்டியதாக நினைத்துக்கொண்டு அனுப்பியது நான்.

"எதுக்குத்தான் பத்துத் தடவை எழுந்து போற?" என்று கேட்டேன்.

"ஒண்ணுக்குத்தான். அடக்க முடியல. தாகம் வேற. குடிக்கக் குடிக்க வருது."

ஐந்தாவது கேள்வி. ஓராண்டுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியதை, அவளே வந்து பதிலாகச் சொல்கிறாள். அவளைக் கையைப் பிடித்து சிஸ்டர் ரொஹானியிடம் கூட்டிப்போனேன்.

சிஸ்டர் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். கருவி பதினேழு என்று காட்டியது; எங்கள் அளவில் பதினொன்றைத் தாண்டினாலே நோய்தான். ஒல்லியாக இருக்கிறாள், வயது குறைவு, இவளுக்கு எங்கே இனிப்பு நீர், சர்க்கரை நோய், என்று நான் நினைத்திருந்தேன். கருவிக்கு அந்த எண்ணமெல்லாம் இல்லை.

"என்ன குடிக்கிற?" என்று சிஸ்டர் கேட்டார்.

"தண்ணி. அப்புறம் பார்லி, ஒரு நாளைக்கு ஒரு ஜக். அத்தைதான் காய்ச்சித் தருவாங்க, கல்கண்டு போட்டு. என்னைத் திட்டினாலும் அதை மட்டும் நிறுத்தல."

"பார்லி யாரு சொன்னா?"

செல்வராணி தரையைப் பார்த்தாள். நானும் தரையைப் பார்த்தேன். சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நான்தான் சிஸ்டர்" என்றேன், அவர் துடைக்க ஆரம்பிப்பதற்கு முன்பே.

அவர் திட்டவில்லை. அவளுடைய நோயாளி அட்டையை என் பக்கம் தள்ளி, பேனாவைக் கொடுத்தார். "எழுது. பார்லித் தண்ணி, கல்கண்டோட, தினமும் ஒரு ஜக். மிஸ்ஸி சொன்னபடி." என் கையெழுத்தில், என் பெயரோடு எழுதினேன். அதைவிட அவர் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

டாக்டர் அன்றே இனிப்பு நீருக்கு மாத்திரை தொடங்கினார். காளானா என்று உறுதி செய்ய மாதிரி எடுத்து அனுப்பினார், உள்ளே வைக்கும் மருந்தைக் கூடுதல் நாளுக்குக் கொடுத்தார். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. உன் நோயைப் பற்றி மாமியாரிடமும் கணவனிடமும் பேசலாமா என்று சிஸ்டர் செல்வராணியிடம் கேட்டார். "பேசுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க, மிஷின் சொன்னா நம்புவாங்க" என்றாள்.

வியாழக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். பாக்கியம் அம்மாள் கைப்பையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சேகர் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

"உன் மருமகளுக்கு இனிப்பு நீர்" என்றார் சிஸ்டர்.

"எங்க வீட்டுல யாருக்கும் அது இல்ல" என்றார் பாக்கியம் அம்மாள்.

"இப்ப இருக்கு. சீனி கூடுனா இந்தக் காளான் கொழுக்கும். மருந்து போட்டா போகும், சீனி அப்படியே இருந்தா திரும்ப வரும். இது ஆம்பளைகிட்ட இருந்து வாங்கிட்டு வர்ற நோய் இல்ல. கல்யாணம் ஆகாதவளுக்கும் வரும். எனக்கே வந்திருக்கு."

பாக்கியம் அம்மாள் இதற்கு அசையவில்லை. "அப்ப லைனை விட்டுப் பத்துத் தடவை எங்க போறா?"

சிஸ்டர் அவரை விட்டுவிட்டு சேகர் பக்கம் திரும்பினார். "டேய் தம்பி. ராத்திரி வீட்டுல எத்தனை தடவை எழும்புறா?"

"நாலு தடவை. அஞ்சுகூட இருக்கும்" என்றான் அவன், அட்டவணையைப் பார்த்தபடியே.

"அங்க யாரைப் பாக்கப் போறா? உங்க வீட்டு டெண்டாஸ்ல எவன் இருக்கான்?"

சேகர் திரும்பினான். ஒரு மாதத்தில் முதல் முறையாக மனைவியின் முகத்தைப் பார்த்தான் என்று நினைக்கிறேன். அவன் காது மடல் சிவந்துபோனது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்க மேசை மேலிருந்த பஞ்சை எண்ணத் தொடங்கினேன்.

பாக்கியம் அம்மாள் மடியில் இருந்த கைப்பையின் பிடியைத் தளர்த்தினார். பிறகு மெதுவாக, "நான் போட்ட கல்கண்டா?" என்று கேட்டார்.

"நோய் அதுக்கு முன்னயே இருந்திருக்கும். கல்கண்டு அதை ஏத்தி விட்டுச்சு" என்றார் சிஸ்டர்.

பாக்கியம் அம்மாள் கைப்பையைத் திறந்தார், மூடினார். "சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்த்தான் ஆகணும்" என்று எழுந்துவிட்டார். செல்வராணியின் முகம் வெளுத்துப்போனது. அவ்வளவு பேசியும் இதுதானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் நானும் அந்தக் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைக்கு வந்தவள்போல் ஒரு தேங்காய்த் தட்டை ஏந்திக்கொண்டு தூணோரமாக நின்றேன். சேகரின் சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். தகவல் கொடுத்த தங்கச்சி முன்வரிசையில், நல்ல பட்டுச் சேலையில் இருந்தாள். பாக்கியம் அம்மாள் வெற்றிலையில் கற்பூரத்தை வைத்து ஏற்றினார். செல்வராணி முன்னால் வந்து கையை நீட்டினாள்.

பாக்கியம் அம்மாள் அவள் கையை ஒதுக்கிவிட்டுத் தன் உள்ளங்கையால் பட்டென்று கற்பூரத்தை அடித்து அணைத்தார்.

"என் மருமக மேல ஒரு குத்தமும் இல்ல. அவளுக்கு இனிப்பு நீர். டெண்டாஸுக்குப் போனவளைச் சந்தேகப்பட்டது என் தப்பு. இனிமே எங்க வீட்டுப் பார்லியில ஒரு துளி சீனி சேராது. இது அம்மா மேல சத்தியம்."

பட்டுச் சேலை மெல்ல இரண்டாம் வரிசைக்கு நகர்ந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நழுவப் பார்த்தேன். பாக்கியம் அம்மாளின் குரல் துரத்தி வந்தது.

"மிஸ்ஸி, எங்க போறீங்க? பார்லி குடிக்கச் சொன்னது நீங்கதானே? வாங்க."

இன்னொரு கற்பூரத்தை வைத்து ஏற்றினார். மறுக்க எனக்கு ஏது முகம்? தேங்காய்த் தட்டை செல்வராணியிடம் கொடுத்துவிட்டுப் போய் நின்றேன். "அதே அரிப்போட ஒருத்தி ரெண்டாந்தடவை எங்கிட்ட வந்தா, விரல்ல குத்திச் சீனி பாக்காம அனுப்ப மாட்டேன். சூடுன்னு சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்தேன். கற்பூரத்தைச் சட்டென்று அடித்து அணைக்க வேண்டும். அது பாக்கியம் அம்மாளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்துவதுபோல் நிதானமாக அழுத்தினேன்.

மறுநாள் சிஸ்டர் ரொஹானி என் கொப்புளத்தைக் கழுவி, கட்டுப்போட்டுக்கொண்டே எல்லாக் கதையையும் கேட்டார். சிரிப்பில் மூக்குக்கண்ணாடி தானாகவே கழன்று விழுந்தது. அதைத் துடைக்காமலேயே மாட்டிக்கொண்டார். என்மேல் இருந்த கோபம் அத்தோடு முடிந்தது என்று புரிந்துகொண்டேன்.

செல்வராணியின் சீனி இறங்க மூன்று மாதம் ஆனது. அரிப்பும் அதோடு நின்றது. டாக்டர் கடிதம் கொடுத்ததால் லைனில் அவள் டெண்டாஸுக்குப் போவதைப் பற்றி யாரும் பேசவில்லை. பிறகு அவள் அடிக்கடி போக வேண்டிய தேவையும் இருக்கவில்லை. சேகர் ஹாலிலிருந்து அறைக்கு எப்போது திரும்பினான் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு அவள் பிள்ளைத்தாய்ச்சிப் பதிவுக்கு வந்தாள். கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மூன்று மாதத்துக்கு முன் கிளினிக்கில் எனக்குப் பிரிவு விருந்து வைத்தார்கள். யார் சொன்னார்களோ, செல்வராணி மாமியாரோடு வந்திருந்தாள். பாக்கியம் அம்மாளுக்கு இப்போது எழுபத்தைந்து இருக்கும். கைத்தடியோடு நேராக என்னிடம் வந்து, பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து, என் குவளையில் ஊற்றினார். பார்லித் தண்ணீர். ஒரு வாய் குடித்தேன். சப்பென்று, கஞ்சி வடித்த தண்ணீரைக் குடிப்பதுபோல் இருந்தது.

"கொஞ்சம்கூடச் சீனி இல்லையேம்மா" என்றேன்.

"சத்தியம் பண்ணியிருக்கேன்ல. பன்னெண்டு வருசமா எங்க வீட்டுல இதான், பேரன் உட்பட" என்றார். பிறகு என் வலது கையைப் பிடித்துத் திருப்பி, வடுவைப் பார்த்தார். "நீங்க காப்பாத்துனீங்களா மிஸ்ஸி?"

"இன்னைக்குக் காலையிலகூட ரெண்டு பேரு விரல்ல குத்திட்டுத்தான் விருந்துக்கே வந்தேன்."

"ஒருத்தருக்காச்சும் இருந்துச்சா?"

"ஒருத்திக்கு இருந்துச்சு. உங்க மருமக மாதிரியே ஒல்லி."

பாக்கியம் அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் மேசையில் பாதி மிச்சமிருந்த என் குவளையை எடுத்து, மறுபடி விளிம்பு வரை நிரப்பி, நான் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார்.